பதினேழு மன்னிப்புக் கடிதங்கள்

துரைராசு கலை அறிவியல் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. காய்ச்சலுக்குப் படிவம் ஆறு. தாத்தா இறந்தால் படிவம் ஒன்பது. இரண்டாவது தாத்தா இறந்தால் ஒன்பது-அ. மூன்றாவது தாத்தா இறந்தால் பெற்றோரை நேரில் அழைத்து வர வேண்டும். மறதிக்கு மட்டும் படிவம் இல்லை. ஆகவே பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவன் சதீஷ் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்து, "சார், எனக்குக் கடைசி ரெண்டு வருஷம் ஞாபகத்துல இல்ல சார்" என்று சொன்னபோது, பன்னிரண்டு ஆண்டு வரலாற்றில் முதல்முறையாக அந்தக் கல்லூரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கல்லூரி மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் இருக்கிறது. மூன்று பக்கம் வயல். நான்காவது பக்கம் தாளாளர் துரைராசுவின் அரிசி ஆலை. உயிரோடு இருக்கும்போதே தனக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்துக்கொண்டவர் அவர். தினமும் காலையில் காரை நிறுத்தி இறங்கி, சிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆலைக்குப் போவார்.

அங்கே பெயர்போனது படிப்பு அல்ல, படிக்கட்டு. ஆண்களுக்குக் கிழக்குப் படிக்கட்டு, பெண்களுக்கு மேற்குப் படிக்கட்டு. இரண்டும் மேலே ஒரே வராந்தாவில்தான் போய்ச் சேருகின்றன என்பதைக் கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்திய பிறகுதான் கவனித்தார்கள். வராந்தாவை இடிக்க முடியாது. அதனால் விதி எழுதினார்கள்: மாணவனும் மாணவியும் பேசினால், இருவரும் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். எங்கே பேசினார்கள், எத்தனை நிமிடம், என்ன விஷயம் என்று மூன்றும் இருக்க வேண்டும். பேனா மூடி விழுந்துவிட்டது என்று சொன்னவர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். ஆகவே கடிதம் எழுதுவது அங்கே யாருக்கும் அவமானமில்லை. மழையில் நனைவது மாதிரி.

விதியைக் காப்பவர் நாகநாதன். வணிகவியல் துறைத் தலைவர், ஒழுங்குக் குழு ஒருங்கிணைப்பாளர். முதல்வர் பதவி நான்கு வருடமாகக் காலி என்பதால் முதல்வரும் (பொறுப்பு) அவரே. ஒருங்கிணைப்பாளர் நாகநாதன் முதல்வர் நாகநாதனுக்குக் கோப்பு அனுப்புவார். முதல்வர் நாகநாதன் இரண்டு நாள் யோசித்து, ஓரத்தில் 'பேசவும்' என்று குறிப்பெழுதித் திருப்புவார். அந்த இரண்டு நாளும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருப்பார்.

சதீஷின் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. குறுவை அறுவடையாகித் தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும் அக்டோபர் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி அவன் பைக்கை நெல்லின் மேல் ஏற்றினான். காயப்போட்ட நெல்லுக்கு யார் வருகிறார்கள் என்ற கவலையில்லை, அது உருண்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் கண் தெளிந்து அம்மாவிடம் அவன் கேட்டது இதுதான்: "ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துடுச்சில்ல? காலேஜ்ல அப்ளிகேஷன் போட்டாச்சா?" டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வற்புறுத்தாதீங்க" என்றார்.

வகுப்பிலிருந்து பன்னிரண்டு மாணவிகள், ஒரு பேராசிரியையின் காவலோடு, அவனைப் பார்க்கப் போனார்கள். கட்டிலருகே வரிசையாக நின்றார்கள். சதீஷ் மரியாதையான பையன். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டான். ஒன்பதாவதாக நின்றவள் மேகலா.

"நீங்க?"

"மேகலா. ரோல் நம்பர் முப்பத்தொண்ணு."

"வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றுவிட்டு அவன் பத்தாவது பெண்ணைப் பார்த்தான்.

இரண்டு வருடமாக அவளை நீ என்று கூப்பிட்டவன். விபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வராந்தாவில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "திங்கக்கெழம சொல்றேன்" என்றிருந்தாள். பதில் வெள்ளிக்கிழமையே தயார். இரண்டு நாள் அதைத் தன்னிடமே வைத்திருந்து பார்க்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் தெரியாது. கூட வந்த பதினொரு பேருக்கும் தெரியாது. நீடாமங்கலம் பஸ்ஸில், கேள்வி கேட்டவன் கேட்டதையே மறந்துவிட்ட ஒரு பதிலை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஊர் திரும்பினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி, "பாவம்டி, நல்ல பையன். அவங்கூட நீ பேசியிருக்கியா?" என்று கேட்டாள். "நோட்டு கேட்டிருக்கான்" என்றாள் மேகலா.

டிசம்பரில் சதீஷ் கல்லூரிக்கு வந்ததும் குழு அமைக்கப்பட்டது. தலைவர் நாகநாதன், உறுப்பினர் நாகநாதன், பதவிவழி உறுப்பினர் முதல்வர் (பொறுப்பு). எழுத்தர் ஹபீபுன்னிசா குறிப்பெடுத்தார். முதல் கேள்வி, படித்ததெல்லாம் மறந்துபோனவனுக்கு நான்கு செமஸ்டர் மதிப்பெண் செல்லுமா என்பது. சோதித்துவிடலாம் என்று முடிவாகி, இரண்டாமாண்டு வணிகச் சட்டத்திலிருந்து ஒரு கேள்வி கொடுத்தார்கள்: ஒப்பந்தம் உருவாகத் தேவையானவை யாவை?

சதீஷ் யோசித்துப் பார்த்துவிட்டு வெள்ளைத்தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அதே தாளில் முதல் வகுப்பில் தேறிய மூன்று மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஒருவன், 'ஒப்பந்தம் மிக முக்கியமானது. அது இல்லாமல் ஒப்பந்தம் உருவாகாது' என்று எழுதினான். இன்னொருவன் "எந்த யூனிட் சார்?" என்று கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டான். மூன்றாமவன் ஸ்கேல் வைத்து அழகாக ஓரக்கோடு போட்டான். திருத்துவதற்காகப் பாடம் நடத்திய ஆசிரியரைக் கூப்பிட்டபோது, அவர் கைடு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

நாகநாதன் அசரவில்லை. "இதுல குழப்பமே இல்ல. இவங்க எல்லாம் முறைப்படி மறந்தவங்க. எக்ஸாம் எழுதினாங்க, வெளிய வந்தாங்க, மறந்தாங்க. காலேஜுக்கு அதுல ஆட்சேபணை கிடையாது. சொல்லப்போனா அதுக்குத்தான் காலேஜ். நீ ரோட்டுல மறந்திருக்க. இது முறையில்லாத மறதி."

"நான் வேணும்னு மறக்கல சார்."

"யாருமே வேணும்னு மறக்கறதில்லப்பா. ஆனா எங்க மறக்கறோம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அப்படித்தான் படிவம் நாற்பத்தொன்று பிறந்தது. தலைப்பு, 'மறந்தவற்றின் பட்டியல் (மூன்று பிரதிகள்)'. வரிசை எண், மறந்த விஷயம், சாட்சியின் கையொப்பம் என்று மூன்று பத்தி.

"மறந்துபோனத எப்படி சார் எழுதறது?"

"ஞாபகப்படுத்தி எழுது. அவசரமில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள குடு."

சதீஷ் மூன்று நாள் அலுவலக வாசல் பெஞ்சில் அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தான். வரிசை எண்களை மட்டும் போட்டு வைத்திருந்தான், முப்பது வரை. அவனைச் சுற்றி அவனை அறிந்தவர்கள் நடந்தார்கள். யாரைப் பார்த்து எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று தெரியாததால் எல்லோரையும் பார்த்து ஒரே அளவு சிரித்தான். மேற்குப் படிக்கட்டு வழியாகப் போகும்போதும் வரும்போதும் மேகலாவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

மூன்றாம் நாள் சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் அவளே போய்ப் பேசினாள்.

"சதீஷ். நாம ரெண்டு பேரும் பேசிப்போம்."

"அப்படிங்களா?" அவன் பையை மடியிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றான். "என்ன பேசுவோம்ங்க?"

அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "பெருசா ஒண்ணுமில்ல. தண்ணி வந்துச்சா, பஸ் வந்துச்சா."

"ஓ. சரிங்க." கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் அடையாளம் சொல்லும்போது சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "நான் ஏதாச்சும் தரணுமா உங்களுக்கு? நோட்டு எதுவும்?"

"இல்ல" என்றாள். ஒருவனிடம் போய், நீ என்னிடம் இப்படியெல்லாம் இருந்தாய் என்று தானே சொல்வதைவிட மோசமான காரியம் உலகத்தில் இருக்காது என்று அவளுக்கு அப்போது பட்டது. சொன்னால் நம்புவான். மரியாதையான பையன், நம்பிவிட்டு, கடமையாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நிற்கக்கூட நிற்பான். அவன் வாயால் வர வேண்டும், இல்லையென்றால் அவன் கையெழுத்திலாவது. கையெழுத்து என்றதும்தான் மன்னிப்புக் கடிதங்கள் அடுக்கியிருக்கும் நாகநாதனின் பீரோ அவளுக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை நாகநாதன் அறையில் போய் நின்றாள். "சார், சதீஷோட படிவத்துல நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

"நீ எப்படிம்மா சாட்சியாவ? நீ மேற்குப் படிக்கட்டு."

"நாங்க பேசியிருக்கோம் சார்."

"இந்த வளாகத்துல ஆணும் பெண்ணும் பேச வாய்ப்பே இல்லன்னு வருஷா வருஷம் நான் ரிப்போர்ட் குடுக்கறேன்."

"பதினேழு தடவ பேசியிருக்கோம். லெட்டர் உங்க பீரோவுலதான் இருக்கு."

நாகநாதன் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. "அது ஒழுங்குக் குழு ரெக்கார்டு. நான் சொல்றது முதல்வரோட ரிப்போர்ட். ரெண்டும் வேற வேற ஆபீஸ்."

அந்தப் பதினேழு கடிதங்கள் அவ்வளவு நன்றாக வந்ததற்கு நாகநாதனே காரணம். முதல் கடிதத்தில் சதீஷ், எல்லோரையும் போல, 'இனி இவ்வாறு செய்ய மாட்டேன் என உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தான். நாகநாதன் சிவப்பு மையால் 'உணர்வு போதாது. விவரமாக எழுதவும்' என்று திருப்பி அனுப்பினார். "மன்னிப்புன்னா அந்த எடத்துக்கு என்னைய கூட்டிட்டுப் போகணும்டா" என்றார். சதீஷ் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

'ஐயா, நேற்று மதியம் ஒன்று பத்துக்கு வராந்தாவில் மாணவி மேகலாவிடம் நான்கு நிமிடம் பேசியது தவறு. பேசிய விஷயம்: பஸ்ஸில் அவர் தினமும் திறக்காத ஜன்னல் பக்கமே ஏன் உட்காருகிறார் என்று கேட்டேன். திறக்காத ஜன்னலுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றார். சிரித்தது நான் மட்டும்தான். அவர் சிரிக்கவில்லை. ஆகவே அவரைத் தண்டிக்க வேண்டாம்.'

'ஐயா, ஆறு நிமிடம். பேசிய விஷயம்: கோரையாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர்கள் ஊருக்கு வந்து எட்டு நாள் ஆகிறதாம். எங்கள் ஊர் கடைமடை என்பதால் இன்னும் வரவில்லை. வரும்போது அது நீ கால் நனைத்த தண்ணீராகத்தான் இருக்கும் என்றேன். இது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள பேச்சு என்பதை உணர்கிறேன்.'

'ஐயா, ஒன்பது நிமிடம். பேசிய விஷயம்: இல்லை. இருவரும் பேசாமல் நின்றோம். பேசாததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று விதியில் தெளிவாக இல்லை. முன்ஜாக்கிரதையாகக் கேட்டுக்கொள்கிறேன்.'

மேகலாவும் தனியாக எழுத வேண்டும். அவள் வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே வரி எழுதினாள்: 'மேற்படி மாணவர் எழுதியிருப்பது சரி.' அதிகமாக எழுதினால் வீட்டுக்கு போன் போகும் என்ற பயம் ஒன்று. அதற்கு மேல் சரியாகத் தன்னால் எழுத முடியாது என்பது இன்னொன்று. அவள் கடிதத்தை நாகநாதன் திருப்பியதில்லை. பெண்கள் சுருக்கமாக இருப்பது நல்லது என்பது அவர் கருத்து.

பதினேழாவது கடிதம் விபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை எழுதியது. 'பேசிய விஷயம்: ஒரு கேள்வி கேட்டேன். திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.' ஓரத்தில் சிவப்பு மை: 'என்ன கேள்வி? விவரம் தேவை.' அந்தத் திங்கட்கிழமை சதீஷ் தஞ்சாவூரில் நினைவில்லாமல் கிடந்தான்.

அவன் எழுதியதை அவனே படிப்பதற்கு ஒரு மனு போட வைத்தால் போதும் என்று மேகலா நினைத்தாள். ஹபீபுன்னிசா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். சதீஷ் மனு எழுதினான். நாகநாதன் அதைக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகல. இதுல இங்கிலீஷ்ல சேத்து எழுதியிருக்கு. நீ தமிழ்ல போட்டிருக்க."

"எனக்குத் தெரிஞ்ச கையெழுத்து இதான் சார். ஸ்கூல்ல போட்டது."

"அப்ப இந்த லெட்டர எழுதினவன் வேற, நீ வேற. அடுத்தவன் மன்னிப்பக் கேட்டுப் படிக்கறது அநாகரிகம்."

"அப்ப மார்க்கு சார்? அதுவும் என்னோடது இல்லையா?"

நாகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரமதிப்பீட்டுக் குழு ஏப்ரலில் வருகிறது. மதிப்பெண் போனால் தேர்ச்சி விகிதம் குறையும். குற்றங்கள் இருந்தால் ஒழுக்க விகிதம் குறையும். "மார்க்கு ரோல் நம்பரோடது. அது அப்படியே இருக்கும். குத்தம் ஆளோடது. ஆள் மாறிட்டா போயிடும்" என்றார். தான் சொன்னதன் அழகை மறப்பதற்குள் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டார்.

ஹபீபுன்னிசா ஒன்பது வருடமாக அந்த அலுவலகத்தில் இருப்பவர். கடிதங்களுக்கு உள்வரவு எண் போடுவது அவர் வேலை. எண் போடுகிறவர் படிக்கக் கூடாது என்று விதியில்லை. சதீஷின் கடிதம் வரும் நாளில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அதை முதலில் எடுப்பார், மாதத்தில் ஒன்றுகூட வரவில்லையென்றால், "என்ன, ரெண்டும் சண்டையா?" என்று தனக்குள் கவலைப்படுவார். அலுவலகத்துக்குள் செல்போன் கூடாது என்பதால் ஒன்றையும் படம்பிடிக்கவில்லை. அவர் மேகலாவை ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே பிடித்தார்.

"சார் வெள்ளிக்கிழம மத்தியானம் மில்லுக்குப் போறாரு, முதலாளிகூடச் சாப்பாடு. நாப்பது நிமிஷம் ஆவும். அந்தப் புள்ளைய வரச்சொல்லு."

"உங்களுக்குப் பிரச்சனை வந்துடும் அக்கா."

"வந்தா நானும் ஒரு லெட்டர் எழுதித் தர்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கக்கெழம சமாச்சாரம் நான் கேக்க மாட்டேன்மா. அது உன்னோடது" என்றார்.

சதீஷ் கிழக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பதினேழையும், தனிக் கோப்பில் இருந்த மேகலாவின் தாள்களையும் படித்தான். மேகலா வெளியே வராந்தாவில் நின்று அவன் முதுகைப் பார்த்தாள். இரண்டு இடத்தில் அந்த முதுகு சிரித்தது. எந்த இடம் என்று அவளால் சொல்ல முடியும். முடித்துவிட்டு வெளியே வந்து, அவளுக்கு மூன்றடி தள்ளி நின்றான்.

"நல்லா எழுதறான்ங்க இந்தப் பையன்."

அவள் ஜன்னல் வழியாக மேஜைமேல் இருந்த தாள்களைப் பார்த்தாள்.

"எனக்கு இப்படியெல்லாம் வராதுங்க. படிக்கப் படிக்கப் பொறாமையா இருந்துச்சு." அவன் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றான். "நீங்க ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க. ஆனா எல்லாத்துலயும் எழுதியிருக்கீங்க." பிறகு கேட்டான்: "கடைசியா அந்தப் பையன் என்ன கேட்டான்?"

பன்னிரண்டு வாரமாகக் காத்திருந்த கேள்வி. கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டு நின்றுவிட்டது.

"அத அவன்கிட்டதான் சொல்லணும்" என்றாள் மேகலா.

"ஆமாங்க. அதுவும் சரிதான்" என்றான் சதீஷ். அவன் காயப்பட்டானா என்று பார்த்தாள். மரியாதையான முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் கிழக்கே போனான், அவள் மேற்கே.

பொங்கல் விழாவுக்கு முன்னதாகக் கல்லூரியில் போகி. பழைய வினாத்தாள், உடைந்த டெஸ்க், போன வருட பேனர் எல்லாவற்றையும் மைதானத்தில் குவித்து எரிப்பார்கள். இந்த வருடம் கூடவே 'ஒழுக்க விடுதலை விழா' என்று பேனர் கட்டியிருந்தது. சதீஷுக்கு மேடையில் நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று தெரியாமல் அவன் எழுந்து எழுந்து கும்பிட்டான். மேகலா பெண்கள் பக்கத்தில் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தாளாளர் துரைராசு மைக்கைப் பிடித்தார். "மாணவ மணிகளே, மறதிங்கறது ஒரு வரம். நான் அனுபவத்துல சொல்றேன். இந்த காலேஜ் நிக்கிற நெலம் மூணு வேலி, இருவது ஏக்கர். யார்கிட்டேர்ந்து எப்படி வாங்குனேன்னு எனக்கு இப்ப சுத்தமா ஞாபகம் இல்ல. வித்தவனுக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு எளைச்சுப்போயிட்டான். என்னையப் பாருங்க, எப்படி இருக்கேன். ஒரே விஷயந்தான். மறந்தவன் நல்லாயிருக்கான், ஞாபகம் வச்சிருக்கறவன் கஷ்டப்படறான். இத நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல. நான் எந்தப் புஸ்தகமும் படிக்கல."

கைதட்டல் அடங்கியதும் நாகநாதன் ஒரு நீலக் கோப்பைத் தூக்கிக் காட்டினார். "இதுல பதினேழு குத்தம் இருக்கு. பதினஞ்சு தாண்டுனா டி.சி. குடுக்கணும்னு போன மாசம் விதி போட்டிருக்கு. சட்டப்படி ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். சதீஷ், இத எழுதினது நீதானா?"

மைக்கை அவன் முன்னால் நீட்டினார்கள். நான்தான் என்று அவன் சொன்னால் கல்லூரியை விட்டுப் போக வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியிலேயே பாதி கரைந்துவிட்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் தாளெல்லாம் தீயில் போகும். மேகலா, அவன் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். அப்புறமும் நினைத்தாள்.

சதீஷ் கூட்டத்தில் பெண்கள் பக்கம் பார்த்தான். ஆறாவது வரிசையில் கண் நின்றது. பொய் சொல்லத் தெரியாத பையன் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதை இரண்டு வருடத்தில் அவன் கற்றுக்கொள்ளவுமில்லை, மறக்கவுமில்லை.

"தெரியல சார்" என்றான்.

"தெரியலன்னா இல்லன்னுதான் அர்த்தம்" என்று நாகநாதன் தீர்ப்பளித்தார்.

தாளாளர் கோப்பைத் தீயில் போட்டார். போட்டோகிராபர் சரியாக விழவில்லை என்றதால் கம்பால் வெளியே இழுத்து, ஓரம் கருகியதைத் தட்டிவிட்டு, இன்னொரு தடவை போட்டார். மேகலாவின் பக்கத்தில் இருந்தவள் புகைக்குக் கண்ணைத் துடைத்தாள். அதனால் மேகலா துடைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு சதீஷ் நன்றாகவே படித்தான். புது நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்கள் பழைய நண்பர்கள்தான் என்பதை அவர்களே பெருந்தன்மையோடு சொல்லாமல் விட்டார்கள். வராந்தாவில் மேகலாவைப் பார்த்தால் தலையசைப்பான். தலையசைப்புக்கு விதியில் தண்டனை இல்லை.

மார்ச் கடைசி வாரம் நாகநாதன் மேகலாவைக் கூப்பிட்டார். மேஜையில் அவளுடைய பதினேழு தாள்கள். தரமதிப்பீட்டுக் குழுவுக்காகப் பீரோவைச் சரிபார்த்தபோது கிடைத்தவை. மறந்தவனின் குற்றம்தான் ரத்தானது. ஞாபகம் உள்ளவளின் குற்றம் அப்படியே இருந்தது.

"என்னம்மா இது? 'மேற்படி மாணவர் எழுதியிருப்பது சரி.' பதினேழு எடத்துலயும் இதான். எந்த மேற்படி மாணவர்?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

"எனக்குத் தெரியறது முக்கியமில்ல. ரெக்கார்டுபடி அப்படி ஒரு ஆளே இல்ல. ரெக்கார்டுபடி நீ பதினேழு தடவ வராந்தாவுல தனியா நின்னு பேசியிருக்க." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "குழு பாத்தா என்ன நெனைக்கும்? உக்காரு. யாரோட பேசின, எங்க, எத்தன நிமிஷம், என்ன விஷயம். ஒரே லெட்டரா எழுதிக் குடுத்துடு, ஒரே குத்தமாயிடும், டி.சி. தேவையில்ல. விவரமா எழுதணும். இந்த ஒரு வரி வேலையெல்லாம் வேணாம்."

மேகலா வராந்தா மறுகோடிக்குப் போகவில்லை. அலுவலகத்திலேயே, கிழக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். 'ஐயா' என்று எழுதினாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தாள். பிறகு திறக்காத ஜன்னலைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். அன்று தானும் சிரித்ததையும், அதைத் தண்ணீர் குடிப்பது போல மறைத்ததையும் எழுதினாள். அவன் எழுதாமல் விட்டதெல்லாம் அவளிடம் இருந்தது.

மூன்று மணிக்கு ஹபீபுன்னிசா பரீட்சை ஹாலில் கட்டுகிற நூலையும் கூடுதல் தாள்களையும் கொண்டுவந்து வைத்தார். நாலரைக்குத் திருத்துறைப்பூண்டி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சதீஷ் நண்பர்களோடு ஓடிப்போய் ஏறினான். நாலே முக்காலுக்கு நீடாமங்கலம் பஸ்ஸும் போனது.

ஐந்து மணிக்கு நாகநாதன் பூட்ட வந்தார். எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று பார்க்க, முடிந்த தாள்களை எடுத்தார். நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. வெளியே அறுத்த வயல்களின் மேல் ஆலையின் சங்கு ஒலித்தது. கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையடியில் இருந்த பாதித் தாளை எட்டிப் பார்த்தார்.

"திங்கக்கெழம என்னம்மா சொல்றதா இருந்த?"

அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டவர் இதுவரை அவர் ஒருவர்தான்.

"எழுதிக்கிட்டிருக்கேன் சார்" என்றாள் மேகலா, நிமிராமல். "இன்னொரு ஷீட் குடுங்க."